கேட்டுக்கு வெளியே கட்டிய நாய்

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள் நான். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்காகக் கமிட்டிச் செயலாளரின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளில் ராமநாதபுரத்தில் ஒரு பெண்கள் காப்பகத்தில் வார்டனாக இருந்தேன். புருஷன் அடி தாங்க முடியாமல் வந்தவர்கள், போக இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர்கள், பிள்ளைகளே வெளியே தள்ளியவர்கள் என்று எல்லோரும் அங்கே இருந்தார்கள். பன்னிரண்டு கட்டில், ஒரு சமையலறை, பின்னால் ஒரு விறகுக் கொட்டகை. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. தேடிக்கொண்டு வருகிற புருஷன்மார்களுக்கு நாமே வழிகாட்ட வேண்டாம் என்றுதான் வைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ரிட்டயர்டு தாசில்தாரின் வீடு போலத்தான் இருக்கும்.

அவள் வந்தது ஒரு காலை நேரம், பதினொரு மணி இருக்கும். கையில் ஒரு துணிப்பை, காலெல்லாம் புழுதி, இடது கண்ணுக்குக் கீழே வீக்கம். பக்கத்தில் புகைநிறத்தில் ஒரு நாட்டு நாய். அதன் ஒரு காது நுனி கருகிப்போயிருந்தது. உச்சிப்புளிப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. அங்கே வரும் கிராம நர்ஸ் எங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தார். நாயை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் இறக்கிவிட்டதால், விடிவதற்கு முன்பு கிளம்பி அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தாள்.

"நாயை விட்டுட்டு பஸ்ல வந்திருக்கலாம்லம்மா?" என்றேன்.

"விட்டுட்டு வந்தா அதுக்கு என்னாகும்னு எனக்குத் தெரியுங்கக்கா" என்றாள்.

அவளும் புருஷனும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. அடிக்க அது ஒரு காரணம். குடித்தால் இன்னொரு காரணம். குடிக்கக் கிடைக்காவிட்டால் அதுவும் காரணம். மூட்டத்துப் பக்கம் குட்டியாக வந்து ஒண்டிய நாயை அவள் சோறு போட்டு வளர்த்தாள். தணல் தெறித்துக் காது கருகியது அப்போதுதான். வளர்ந்த பிறகு, அவன் கையை ஓங்கினால் நாய் நடுவில் வந்து நின்று பல்லைக் காட்ட ஆரம்பித்தது.

"அது நிக்கிறப்ப அவரு கிட்ட வர மாட்டாரு. அது எங்கிட்டாவது போயிருக்கிற நேரம் பாத்துத்தான் அடிப்பாரு" என்று சொன்னவள், "நேத்து அதையும் விறகுக் கட்டையால அடிச்சுப்புட்டாரு. நாளைக்கு இத முடிச்சுட்டுத்தான் மறுவேலைன்னாரு. என்னைய அடிச்சதுக்கு நான் கெளம்பலக்கா. இதுக்குத்தான் கெளம்புனேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எங்கள் விதிமுறைகளில் ஒரு வரி உண்டு. வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதியில்லை. அந்த வரியை நான் அதற்கு முன்பும் படித்துக் காட்டியிருக்கிறேன். பாம்பனிலிருந்து ஒருத்தி உதடு கிழிந்து வந்தாள். "ஆட்ட எங்கன கட்டுறது?" என்றுதான் முதலில் கேட்டாள். கட்ட இடமில்லை என்றதும் ஆட்டோடு திரும்பிப் போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று நான்தான் சொன்னேன். இன்னொருத்தி இரண்டு கோழியோடு வந்தாள். அவற்றை விற்றுவிட்டு வரச் சொன்னேன். போனவள் வரவேயில்லை. இப்போது வெளிநாட்டில் எங்கேயோ பெண்கள் நாயும் பூனையுமாக வந்து தங்கக் காப்பகம் திறந்திருப்பதாகப் பேப்பரில் வருகிறது. படித்தால் எனக்குப் பாம்பன்காரிதான் ஞாபகம் வருகிறாள்.

இவளை மட்டும் என்னால் திருப்பி அனுப்ப முடியவில்லை. காப்பகத்தை நடத்தும் கமிட்டியின் செயலாளர் வீட்டுக்குப் போய், விறகுக் கொட்டகையில் நாயைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். சொந்தப் பணத்தில் கட்டில் வாங்கிப் போட்டவர். "இது மாட்டாஸ்பத்திரி இல்லம்மா. இன்னைக்கு நாயின்னு விட்டா, நாளைக்கு ஒருத்தி எருமையோட வருவா. வெளிய இருந்தா இருந்துட்டுப் போகுது, கேட்டுக்கு உள்ள வரக் கூடாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சம்பளம் வாங்குகிறவளின் கோபம் வாசற்படி தாண்டும்போதே ஆறிவிடும்.

அவள் உள்ளே இருந்தாள், நாய் கேட்டுக்கு வெளியே பூவரச மரத்தடியில் படுத்துக்கொண்டது. மூன்று வேளையும் கம்பி வழியாகச் சோற்றைத் தள்ளுவாள். "ஏலே" என்பாள். அதற்குப் பெயர் அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் அது கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். இவள் இந்தப் பக்கம் குந்தியிருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் போலத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் கண் வீக்கம் வற்றியது. சமையலறையில் அவள் அம்மி அரைக்க உட்கார்ந்தால் மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தாள்.

நாய்தான் சும்மா இருக்கவில்லை. சைக்கிளைக் கண்டால் துரத்தியது. ஒருநாள் பால்காரர் வேட்டியைப் பிடித்துக் கிழித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் முனிசிபாலிட்டிக்கு எழுதப்போவதாகச் சொன்னார். பிடித்துக்கொண்டு போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து, நான் கடைத்தெருவுக்குப் போய் வலைக்காரர்கள் வாங்குகிற நைலான் கயிறு நல்ல கனத்தில் வாங்கி வந்தேன்.

"அக்கா, கட்டாதீக. அது ஒருநாளும் கட்டுல கெடந்ததில்ல" என்றாள்.

"கட்டலேன்னா பிடிச்சுட்டுப் போயிருவான். எது தேவலை?"

என் கை அதன்மேல் படமுடியாது. உறுமும். அதனால் அவளையே முக்காடு போட்டு வெளியே கூட்டி வந்து கட்டவைத்தேன். அவள் கூப்பிட்டதும் வந்து கழுத்தைக் கொடுத்தது. முதல் நாள் கயிற்றைக் கடித்தது, குதித்தது, சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் முன்னங்காலில் தலையை வைத்துப் பேசாமல் படுத்துவிட்டது. "பார்த்தியா, பழகிருச்சு" என்று அவளிடம் சொன்னேன். எனக்கு அதில் பெருமை வேறு.

பலகை வைக்காத வீட்டுக்கு அந்த நாயையே அடையாளமாக வாசலில் கட்டிவைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ஊரில் அந்தக் கருகிய காதைத் தெரியாதவர்கள் இல்லை. கரி ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் வந்த லாரி டிரைவர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அதே லாரி வந்து நின்றது. அவள் புருஷனும் இன்னொரு ஆளும் இறங்கினார்கள். நாய் எழுந்து கயிறு தெறிக்கத் தெறிக்கக் குரைத்தது. வாட்ச்மேன் வந்து சொல்லி நான் ஓடுவதற்குள் அதன்மேல் கரிச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார்கள்.

குடித்திருக்கவில்லை அவன். தலை சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவனைப் போல நின்றான். "வணக்கம் மேடம். நாயத்தான் கூட்டிட்டுப் போக வந்தேன். வேற ஒண்ணும் கேக்கல" என்றான்.

உள்ளே வந்தால் தடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. பூட்டு இருந்தது, சாவி இடுப்பில் இருந்தது. அவன் உள்ளே வரவில்லையே. நாய் வெளியே தெருவில், எங்கள் விதிப்படி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஓடிப்போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொம்பளைய இழுத்துட்டுப் போறானாம்மா?" என்றார். இல்லை, நாயை என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் துணிப்பையோடு கேட்டருகில் நின்றுகொண்டிருந்தாள். நாயை லாரியில் ஏற்றியாகிவிட்டது. சாக்குக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அவன் இவளைப் பார்க்கவே இல்லை. லாரியில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போகாதே, வேறு நாய் வளர்க்கலாம், நானே கமிட்டியோடு சண்டை போடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். கையை விடுவித்துக்கொள்ளாமலே பதில் சொன்னாள்.

"நான் போகலேன்னா இத அடிச்சே கொன்னுருவாரு. என்னையக் கொல்ல மாட்டாருக்கா. அடிக்கத்தான் செய்வாரு."

தன் விருப்பத்தின் பேரில் போகிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளாமல் யாரையும் அனுப்பக் கூடாது. அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். 'விருப்பத்தின்' என்ற வார்த்தையை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நான் பூட்டைத் திறந்தேன். அவள் முன்பக்கம் ஏறவில்லை, பின்னால் ஏறிச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மாதக் கூட்டத்தில் செயலாளர் அறிக்கையை வாசித்தார். 'குடும்பத்துடன் சேர்ந்தவர்' என்ற இடத்தில் அவள் இருந்தாள். கமிட்டியில் ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நான் தட்டவில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு மாதம் கழித்து லீவு போட்டுவிட்டு அவள் ஊருக்குப் போனேன். போகக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது, அதைப் பற்றி அப்போது நான் கவலைப்படவில்லை. கருவேலங்காட்டு ஓரம் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அவன் இல்லை. அவள் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாய் அவள் காலடியில் கட்டில்லாமல்தான் கிடந்தது. என்னைப் பார்த்து உறுமவில்லை.

"ஏங்க்கா வந்தீக? அவரு வந்துருவாரு" என்றாள். உதட்டில் புதுக்காயம்.

"நாய் கூடத்தானம்மா இருக்கு? இப்பவுமா அடிக்கிறாரு?"

"கட்டிப்போட்டா கெடக்கும்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சுக்கா." குற்றம் சொல்கிற குரலே இல்லை. "மொதல்ல கட்டச் சொல்லுவாரு, அப்புறந்தான் அடிப்பாரு."

"யாரைக் கட்டச் சொல்லுவாரு?"

"என்னையத்தான். நான் கூப்பிட்டாத்தான அது வரும்?"

மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன், அதைக்கூடச் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸை விட்டால் ரெண்டு மணிநேரம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும், சீக்கிரம் போங்கள் என்று அவள்தான் என்னை அனுப்பிவைத்தாள்.