சங்குக் கூட்டத்தில் ஒரு பச்சை சைக்கிள்

சாயங்காலச் சங்கு ஊதி ஓய்ந்ததும் ஆவடியில் இன்னொரு சத்தம் எழும்பும். முதலில் எங்கோ தூறல் போடுவது போலத்தான் கேட்கும். நெருங்க நெருங்க, அது மழையில்லை, நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் மிதிக்காமல் உருண்டு வரும்போது பின்சக்கரங்கள் எழுப்பும் 'டிக்டிக்' ஓசை என்று புரியும். தொழிற்சாலை வாசலிலிருந்து சாலை லேசாகச் சரிந்து இறங்குவதால் அங்கே யாரும் மிதிக்க மாட்டார்கள். காக்கிச் சட்டைகளும், ஹேண்டில்பாரில் தொங்கும் சாப்பாட்டுப் பைகளும், எண்ணெய்ப் பிசுக்கு வாசனையுமாக, சாலையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அடைத்துக்கொண்டு அவர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு "சங்குக் கூட்டம்" என்று பெயர். பஸ்ஸானாலும் லாரியானாலும் அது கடந்து போகும் வரை ஓரங்கட்டித்தான் நிற்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தின் நடுவே, கூடை வைத்த சிவப்பு லேடீஸ் சைக்கிளில், தினமும் ஒரு பெண் வருவாள். ஸ்டெல்லா என்று பெயர், என் வகுப்புதான். அவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதைப் போல அதற்குப் பிறகு யாரைப் பார்த்தும் பட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் அப்பாவும் அதே தொழிற்சாலையில்தான், பெயின்ட் ஷாப்பில், வேலை பார்த்தார். ஆனால் அவருக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். நான் வீட்டில் இருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார்; அவர் விழித்திருக்கும்போது நான் பள்ளியில் இருப்பேன். குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் சேக்காட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். பள்ளிக்கூடமோ ரயில்வே கேட்டைத் தாண்டி, தொழிற்சாலைப் பக்கம் இருந்தது.

பத்தாம் வகுப்பு முடித்ததும் எனக்கு கம்ப்யூட்டர் குரூப் கிடைத்தது. கிடைத்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறேன். அந்தக் கோடை முழுவதும் அதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. பள்ளியில் இருந்த கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் என்பதால், பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கடைசி மணி அடித்த பிறகுதான் லேப். லேப் விடுவதும் சங்கு ஊதுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அந்த நேரத்து பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடம் இருக்காது. சைக்கிளில் போனால்தான் அந்தக் குரூப்பில் படிக்க முடியும் என்ற நிலை.

அப்பா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "சைக்கிள்ல போ, வேணாங்கல. எங்கயாவது இடிச்ச, விழுந்தன்னு என் காதுல விழுந்துச்சு, மறுநாளே வேற குரூப்பு. கம்ப்யூட்டர் படிக்காதவங்க யாரும் செத்துப் போயிடல, உமா."

யாரிடமிருந்தோ பழைய சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்தது. முன்பு வைத்திருந்தவர் அதற்குத் தூரிகையாலேயே கரும்பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்; தூரிகை போன கோடுகள்கூடத் தெரியும். ராணுவ டாங்கி செய்கிற ஊரில் அந்த நிறத்தில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும்? முதல் நாளே டீக்கடைப் பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள். "டேய், டாங்கி வருது, வயி வுடுங்கடா!"

பின்னாளில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு வந்தேன். எதெல்லாம் தவறாகப் போகலாம் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்துவதுதான் அந்த வேலையின் சாரம். அந்தப் பழக்கம் எனக்கு அந்தச் சாலையில் வந்தது. நிறுத்தத்துக்காகத் திடீரென்று இடப்பக்கம் ஒடிக்கிற டவுன் பஸ், அதன் பக்கவாட்டுத் தகரத்தைப் படபடவென்று தட்டி "ஓரம் போ, ஓரம் போ" என்று விரட்டுகிற கண்டக்டர். ஓரம் போனால், அங்கே காலை வாரிவிடக் காத்திருக்கும் மணல். தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரம். ஒன்றன்பின் ஒன்றாக வருகிற ராணுவ லாரிகள். ஒன்று போனதும் முடிந்தது என்று நினைத்து ரோட்டில் ஏறினால் அடுத்தது காதருகே ஹாரன் அடிக்கும். ஏரியிலிருந்து திரும்புகிற எருமைகள். சங்கிலியில் மாட்டிக்கொள்ள எப்போதும் தயாராக இருக்கும் தாவணி முனை. எல்லாவற்றுக்கும் மேல் ரயில்வே கேட். சாலை அங்கே தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும். இடுக்கில் சக்கரம் இறங்கினால் ஆள் தனி, வண்டி தனி. "தண்டவாளம் வந்தா முன்னாடியே பிரேக்கப் புடிச்சிடு" என்று அம்மா தினமும் வாசல் வரை வந்து சொல்லுவாள்.

இத்தனையையும் நான் ஒவ்வொன்றாகச் சமாளித்துக்கொண்டு ஓரத்தில் ஊர்ந்து போகும்போது, ஸ்டெல்லா ஒன்றையும் சமாளிக்காமல் வந்துகொண்டிருப்பாள். அவள் அப்பா ஆரோக்கியசாமி அங்கிளுக்கு ஜெனரல் ஷிப்ட். தினமும் சங்கு ஊதியதும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவார். அவர் முன்னால் போவார். அவருடைய கூட்டாளி பெருமாள் அங்கிள் அவளுக்கு வலப்பக்கம், லாரிகள் வருகிற பக்கம். பின்னால் காதர் பாய். மூன்று கறுப்புச் சைக்கிள்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு. கூட்டத்தில் ஓட்டும்போது தலையைத் திருப்பக் கூடாது, திருப்பினால் ஹேண்டில்பார் ஆடும் என்பதால், ஆரோக்கியசாமி அங்கிள் திரும்பாமலேயே அடிக்கடி குரல் கொடுப்பார்.

"பாப்பா, வரியா?"

"வர்றேன்ப்பா."

அவ்வளவுதான். அவள் குரலில் அலுப்புதான் இருக்கும். எனக்கு முதலில் அவளுடைய சிவப்புச் சைக்கிள் மீது பொறாமை, பிறகு அந்தக் கம்பிக் கூடை மீது. கொஞ்ச நாளில் அவை இரண்டும் ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது. அந்த "வரியா"வும், அதற்கு இவ்வளவு அலட்சியமாகப் பதில் சொல்ல முடிகிற சௌகரியமும்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தன.

ஒருநாள் ஓரத்திலிருந்து சங்குக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், ஸ்டெல்லா என்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். எழுந்து நின்று மிதித்து, ஆரோக்கியசாமி அங்கிளையும் தாண்டி, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். என்னைச் சுற்றிலும் 'டிக்டிக்' ஓசை. ஒரு பஸ் எங்களுக்காக ஒதுங்கி நின்றது. எனக்காக ஒரு பஸ் நின்றது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமிதத்தில் இருந்தபோது ரயில்வே கேட் வந்தது, கேட் திறந்திருந்தது, தண்டவாளம் கண்ணில் பட்டது, நான் அம்மா சொன்னபடி பிரேக் பிடித்தேன்.

சங்குக் கூட்டத்தில் யாரும் பிரேக் பிடிப்பதில்லை. தண்டவாளம் வந்தால் சீட்டிலிருந்து லேசாக எழுந்து அப்படியே உருட்டிவிடுவார்கள். பின்னால் வருபவரும் அதை நம்பித்தான் வருவார். இது எழுதாத சட்டம், எனக்குத் தெரியாது. போதாததற்கு முந்தைய வாரம்தான் பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றியிருந்தோம்.

ஆரோக்கியசாமி அங்கிள் என் மேல் விழுந்தார். பெருமாள் அங்கிள் அவர் மேல் விழுந்தார். காதர் பாயும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். யாருடைய டிபன் பாக்ஸோ தண்டவாளத்தின் மேலேயே தடதடவென்று கொஞ்ச தூரம் ஓடிப்போய்க் கவிழ்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்டெல்லா மட்டும் விழவில்லை. இடப்பக்கம் ஒதுக்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, தாவணி கலையாமல் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை எரிச்சலை விட அதுதான் அதிகம் எரிந்தது.

"கூட்டத்துல யாராச்சும் பிரேக்கு புடிப்பாங்களாமா?" என்று பெருமாள் அங்கிள் சட்டையை உதறிக்கொண்டே கத்தினார். "பெயின்ட் ஷாப் சீனிவாசன் பொண்ணுதானே நீ? இரு, உங்கப்பன்கிட்ட சொல்றேன்."

"அட வுடு பெருமாளு," என்றார் ஆரோக்கியசாமி அங்கிள், முழங்காலைத் தடவியபடி. "டாங்கிக்கு பிரேக்கு நல்லா கீதுன்னு தெரிஞ்சி போச்சில்ல."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். "அப்பாகிட்ட சொல்லாதீங்க அங்கிள், கம்ப்யூட்டர் குரூப்பு போயிடும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்மேன் விசில் ஊதினார். எல்லோரும் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா ஒன்றும் கத்தவில்லை. சைக்கிளைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன். வேற குரூப்பு கேக்கலாம்." அம்மா என் முழங்கையில் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் மணிச் சத்தம். ஆரோக்கியசாமி அங்கிள்; பின்னால் கேரியரில் ஸ்டெல்லா. அவள் கையில் என் ஒற்றைச் செருப்பு. தண்டவாளத்தில் கிடந்ததாம். அவளிடமிருந்து அதை வாங்கும்போதும் நான் பார்த்தது அவளுடைய அப்பாவின் கேரியரில் அவள் ஒரு கையை அவர் இடுப்பில் போட்டு உட்கார்ந்திருந்த விதத்தைத்தான்.

"இன்னா சீனு, பொண்ண வேற குரூப்புல போடப் போறியாமே?"

"ரோடு சரியில்ல ஆரோக்கியம். நான் கூடப் போகணும்னா ஷிப்ட்டு ஒத்து வரல." அப்பா என்னோடு வர நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ வராங்காட்டி இன்னா, நான் கீறேன்ல? நம்ம கூட வரட்டும். ஆனா ஒண்ணு, எனக்குப் பின்னால வரணும். முன்னால வந்தாதான் டேஞ்சரு."

அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. சாவியை எடுத்து என்னிடம் தரவில்லை, ஆரோக்கியசாமி அங்கிளிடம் தந்தார். அவர் அதை எனக்குத் தந்தார்.

அன்று முதல் பிளஸ் டூ முடியும் வரை நான் அந்த வட்டத்துக்குள் இருந்தேன். ஸ்டெல்லாவுக்குப் பின்னால், காதர் பாய்க்கு முன்னால். லாரிகள் என்னைத் தொடவில்லை, பஸ்கள் எனக்காகவும் நின்றன, தண்டவாளத்தில் எழுந்து உருட்டக் கற்றுக்கொண்டேன். பொறாமை மட்டும் குறையவில்லை. முன்பு தூரத்திலிருந்து பார்த்ததை இப்போது கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். "பாப்பா, வரியா?" என்ற கேள்வி எனக்கு முன்னாலேயே ஸ்டெல்லாவிடம் நின்றுவிடும். என்னிடம் வருவது "உமா, பாத்து வாம்மா" என்பது. அன்பான வார்த்தைதான். நான் "சரி அங்கிள்" என்பேன்.

பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். வட்டத்தில் அவள் இடம் காலியாக இருந்தது. "முன்னால ஏறுமா" என்று காதர் பாய் சொல்ல, நான் அங்கே ஏறினேன். கேட் நெருங்கும்போது ஆரோக்கியசாமி அங்கிள் பழக்கத்தில், திரும்பாமல், குரல் கொடுத்தார்.

"பாப்பா, வரியா?"

"வர்றேன்ப்பா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பெருமாள் அங்கிள் ஏதாவது கிண்டல் செய்வார் என்று காதுகள் சூடாகக் காத்திருந்தேன். சக்கரங்கள் மட்டும் 'டிக்டிக்' என்றன. தண்டவாளம் வந்தது, எல்லோரும் எழுந்து உருட்டினோம். ஆரோக்கியசாமி அங்கிளின் முதுகு எப்போதும் போல நேராக இருந்தது. இந்நேரம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்; மகள் வீட்டில் படுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா?

கேட்டைத் தாண்டியதும் மறுபடியும் கூப்பிட்டார்.

"பாப்பா, வரியா?"

இந்த முறை நான் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் அலுப்பாகவே சொல்லிப் பார்த்தேன். "வர்றேன்ப்பா."

மறுநாள் ஸ்டெல்லா வந்துவிட்டாள். நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. நடுவில் தடுப்புச் சுவர் வந்துவிட்டது. தொழிற்சாலைக்குள்ளிருந்து வருபவர்கள் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வருகிறார்கள். தனித்தனியாக வருகிறார்கள், தனித்தனியாக ஹாரன் அடிக்கிறார்கள். சங்கு ஊதினாலும் இந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது? அந்த 'டிக்டிக்' மழை எங்கும் இல்லை. நான் ஸ்கூட்டரில், தலையைக் கவசத்துக்குள் பூட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே என் பாட்டைப் பார்த்துக்கொண்டு போகிறேன். என் பழைய வரிசையில் எருமைகள் மட்டும்தான் குறைந்திருக்கின்றன.

ஸ்டெல்லா கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற ஆரோக்கியசாமி அங்கிளும் அவளோடுதான். போன வாரம் வீடு திரும்பும் வழியில் அவளிடமிருந்து போன் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"அப்பா தொல்ல தாங்கலடி," என்றாள். "முக்குக் கடைக்குப் போனாக்கூட போன் மேல போன். எங்க கீற, வந்துகினு இருக்கியான்னு. எனக்கு இன்னா வயசாவுதுன்னே அவருக்கு ஞாபகமில்ல."

ஒரு லாரி என்னை உரசுவது போலக் கடந்து போனது. சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன்.

"அவ்ளோ தொல்லைன்னா என் நம்பரைக் குடுத்துடு" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் சிரித்தாள்.