நதியாவின் டியூட்டி நேரம்

பெரிய காஞ்சிபுரத்தில் அன்னம்மாளின் டிபன் கடையில் ஒரு தடவை சாப்பிட்டவர்களுக்குக்கூட இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். ஒன்று, அங்கே சாம்பார் எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள். இன்னொன்று, அவள் மகள் நதியா விமானத்தில் வேலை செய்கிறாள். இந்த இரண்டாவதை யாரும் கேட்காமலே பரிமாறிவிடுவாள்.

ஆனால் மகள் வேலை செய்வதை அன்னம்மாள் கண்ணால் கண்டதில்லை. விமானத்தில் ஏறினால்தானே காண்பதற்கு? அது அவளுக்குக் குறை என்றால் நதியாவுக்கு அதைவிடப் பெரிய குறை. முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, டவுனுக்கு வந்து சித்தாளாகச் சட்டி சுமந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்ட அம்மா அவள். சீருடையும் கொண்டையுமாகத் தான் டிராலி தள்ளிக்கொண்டு வருவதை அந்த அம்மா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று நதியா ஆசைப்பட்டாள். வீண் பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்கு வழி செய்தவன் டில்லியில் வேலை பார்க்கும் தம்பி ஜான்சன். அவனுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க அன்னம்மாள் ரயிலேறிப் போனாள். திரும்பி வருவது மட்டும் விமானத்தில், அதுவும் தன் விமானத்தில் என்று நதியா முடிவு கட்டினாள். காலையில் சென்னையிலிருந்து டில்லி, மதியம் அதே விமானத்தில் டில்லியிலிருந்து சென்னை என்று ஒரு டியூட்டி இருந்தது. அது கூட வேலை செய்யும் தேவகிக்கு விழுந்திருந்தது. தேவகியிடம் கெஞ்சிக் கூத்தாடி, தன் கிறிஸ்துமஸ் லீவையே அவளுக்கு விட்டுக்கொடுத்து நதியா அதை வாங்கினாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, டில்லிப் பனிமூட்டத்தைத் தவிர. சென்னையில் பயணிகளை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, டில்லியில் இறங்க இப்போதைக்கு இடமில்லை என்று தகவல் வந்தது. விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. விமானம் நிற்கலாம், ஆனால் அதில் வேலை செய்பவர்களின் டியூட்டி நேரம் நிற்காது. பறந்தாலும் சரி, தரையில் சும்மா கிடந்தாலும் சரி, வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நதியா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பயணிகளைப் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தாள். இத்தனை மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது.

பயந்தது போலவே ஆயிற்று. டில்லியில் இறங்கியதும் கேப்டன் குமரகுரு எல்லோரையும் கூப்பிட்டார். திரும்பிப் போகும்போதும் வேலை செய்தால் அந்த நேர வரம்பு தாண்டிவிடும். புதிய குழு தயாராக இருக்கிறது. நாம் இதே விமானத்தில் பயணிகளாக ஊர் திரும்பலாம் என்றார்.

"சார், எனக்கு இன்னும் தெம்பு இருக்குது சார்," என்றாள் நதியா. "எங்கம்மா ஏறுறாங்க. டிராலி மட்டுமாவது தள்ளட்டுமா?"

"ஒரு கிளாஸ் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதும்மா. தெம்பு இருக்குன்னு உனக்குத் தோணும். அவசரத்துல கதவைத் திறக்கணும்னா அப்ப கை தடுமாறும். சட்டம் அதுக்குத்தான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் நதியாவுக்கு அழுகை வந்தது.

புதுப் புடவையின் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அன்னம்மாள் ஏறி வந்தாள். வாசலில் வணக்கம் சொன்ன பெண் நதியா இல்லை. அது சுகாசினி, புதிய குழுவின் தலைவி. நதியாவோ சீருடையோடு, அம்மாவுக்கு ஒதுக்கிய ஜன்னல் ஓரத்து இருக்கைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்னம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

"இன்னாடி இங்க உக்காந்துக்கினு இருக்குற?"

"என்னை வேலை செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. அப்புறம் சொல்றேன், பெல்ட்டைப் போடு."

அந்த ஒரு வாக்கியம் போதாதா? சித்தாள் வேலையில் மேஸ்திரி ஒருத்தியைப் பார்த்து ‘நீ போய் ஓரமாக உட்கார்’ என்றால் அவளுக்கு அன்றோடு வேலை போயிற்று என்று அர்த்தம். அன்னம்மாளுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். விமானம் மேலே கிளம்பியபோது அவள் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. சுகாசினி டிராலியோடு வந்ததும் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு நல்லா வேல செய்வாம்மா. எதுனா தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சு விட்ருங்க. பெரியவங்ககிட்ட நீ ஒரு வார்த்த சொல்லும்மா."

நதியாவுக்கு இருக்கைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. சுகாசினி முதலில் திகைத்து, பிறகு புரிந்துகொண்டு குனிந்தாள்.

"அவங்க ஒரு தப்பும் பண்ணலை ஆன்ட்டி. காலையிலேர்ந்து வேலை செஞ்சிட்டாங்க. இதுக்கு மேல வேலை வாங்கினா கம்பெனி மேலதான் தப்பு."

"வேல வாங்குனா தப்பா?" அன்னம்மாள் மகளைப் பார்த்தாள். "நீயே செய்றேன்னு சொன்னாகூட வுடமாட்டாங்களா?"

"கெஞ்சிப் பார்த்தேன். விடலைம்மா. பைலட்டுக்கும் இதே சட்டம்தான்."

அன்னம்மாள் டிராலி நகர்ந்து போவதையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தளம் போடுற அன்னிக்கு நடுவுல நிறுத்தமாட்டாங்கடி. கான்கிரீட்டு ஒட்டாம வுட்டுடும்பாங்க. அப்ப நீ வயித்துல இருக்குற. தளம் முடியுற வரிக்கும் கலவ ஏத்துனேன். போதும், போய் உக்காருன்னு ஒருத்தரும் சொல்லல."

நதியா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, சம்பளத்துல புடிப்பாங்களா?"

"இல்லம்மா. இப்ப உன் பக்கத்துல உக்காந்துக்கினு வர்றேன் பாரு, சம்பளக் கணக்குல இதுவும் டியூட்டிதான்."

"இதுவா?" அன்னம்மாள் சிரித்த சிரிப்பில் முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. "சாமி, இப்படி ஒரு வேலையா!"

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் சுகாசினி சொல்லப்போவதை நதியா முன்கூட்டியே அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். அதே வார்த்தை மேலேயிருந்து வந்ததும் அன்னம்மாள் குழந்தை போல மகளின் தொடையில் தட்டினாள். மேகத்தைப் பார்த்து வாயில் கைவைத்தாள். அடுத்த இருக்கைக்காரரிடம் டிபன் கடைக்கு வழி சொன்னாள். அம்மா இவ்வளவு நேரம் வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து நதியா பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க, டிராலி தள்ள முடியாத வருத்தம் அவளுக்குப் போன இடம் தெரியவில்லை.

மெல்லக் களைப்பு அமுக்கியது. தலை தானாக அம்மாவின் தோளில் சாய்ந்தது. குப்பை வாங்கிக்கொண்டு சுகாசினி வரும் சத்தம் எங்கோ கேட்டது. கண்ணைத் திறக்க நதியாவுக்கு மனம் வரவில்லை.

"மேடம், கப் இருந்தா..." என்று தொடங்கினாள் சுகாசினி.

"உஷ்!" என்றாள் அன்னம்மாள். "எம் பொண்ணு டியூட்டில இருக்குறா. எழுப்பிடாதம்மா."