பொட்டு வைத்த டேப்கள்

கர்நாடகத்தின் நெல்லிகட்டி அரசுத் தொடக்கப் பள்ளிக்காக சுனந்தா படிகேர் போராடி வாங்கியவை இவை. கை எட்டும் உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட். இருபது தொடுதிரை டேப்களில் பதினைந்து. அவற்றை நிறுத்தி வைக்க, இருபது பள்ளம் வெட்டிய ஒரு தேக்குச் சட்டம். ஒரு பீரோ சாவி. ரேணுகா என்ற பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுத்து. இவற்றில் எதையும் அவள் தனக்காகக் கேட்கவில்லை. கேட்டவுடன் கிடைத்ததும் எதுவுமில்லை.

சுனந்தா அங்கே தற்காலிக ஆசிரியை. ஜூனில் வா என்பார்கள், மார்ச்சில் போ என்பார்கள். அப்படி ஒன்பது வருஷம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், அவள் பொறுப்பில். அவர்களுக்கும் ஊருக்கும் அவள் 'அக்கோரே', டீச்சரம்மா. ஆனால் ஆசிரியர்களின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரி கிடையாது. ஹெட்மாஸ்டர் குருபாதப்பா ஹூகார், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அவள் பெயரை எழுதி, தினமும் காலையில் தானே ஒரு டிக் போடுவார். ஒன்பது வருஷத்தில் பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒன்றிலாவது அவள் கையெழுத்து விழுந்ததில்லை.

தானம் கொடுக்க வருகிறவர்களுக்கு நெல்லிகட்டியில் பஞ்சமே இல்லை. ஹாவேரி ரோட்டிலிருந்து மூன்றே கிலோமீட்டர், ஜீப் வரும், வாசலில் படம் எடுக்கத் தோதாக ஒரு வேப்பமரம் உண்டு. 2016-ல் மட்டும் மூன்று கூட்டத்தார் வந்து மூன்று தடவை புத்தகப் பை கொடுத்தார்கள். பிள்ளைகள் நாற்பத்தொன்று, பைகள் நூற்று இருபத்தாறு. மிச்சப் பைகளில் ஊரார் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னொருவர் அறுபது பெட்டி ஸ்கெட்ச் பேனா கொடுத்தார். அதை வைத்து வரைவதற்கு ஒரு தாள் கொடுக்கத் தோன்றவில்லை. காலர் இல்லாத சட்டை போட்ட பிள்ளைகளுக்கு ஒருவர் கழுத்து டை கொடுத்தார். வருகிறவர்களிடமெல்லாம் சுனந்தா கேட்டது சாக்பீஸும் கரும்பலகைக்குக் கறுப்புச் சாயமும்.

"அதெல்லாம் கேட்டா எப்படிக் குடுப்பாங்க, அக்கோரே?" என்றாள் சமையல்காரி காசிம்பி, சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே. "சாக்பீஸு போட்டோவுல தெரியாதே!"

2017 ஆகஸ்டில் பெங்களூரு கம்பெனி ஒன்று டேப் கொண்டு வந்தது. இருபது. வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொன்று வைத்து, சிரித்தார்கள். படம் எடுத்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சுனந்தா ரேணுகாவைப் பார்த்தாள்.

ரேணுகா அப்போது ஒன்றாம் வகுப்பு. வெளுத்த முடி, வெளுத்த இமை, வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாத பிள்ளை. தாவணகெரே ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடி தன்னால் முடிந்ததைச் செய்தது, அவ்வளவுதான். பலகையில் எழுதினால் தெரியாது, புத்தகத்தை மூக்கில் ஒட்டினாலும் முக்கால்வாசி தெரியாது. மக்குப் பிள்ளை என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அவள் அன்றைக்கு டேப்பின் மேல் இரண்டு விரலை வைத்து, எப்படியோ விரித்தாள். எழுத்து உள்ளங்கை அளவுக்குப் பெரிதானது. "அக்கோரே, இது அ!" என்று கத்தினாள். படம் பிடிக்கிறவர் அவளை அசையாமல் இருக்கச் சொன்னார்.

பதினோராவது நிமிஷம் ஹூகார் டேப்களை எண்ணி வாங்கி, பெட்டியில் போட்டு, ஆபீஸ் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் பூணூலோடு போனது.

ஹூகார் கெட்டவர் இல்லை. வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். ஆனால் பக்கத்து ஊர் ஹெட்மாஸ்டர் ஒருவருக்கு, ஓய்வு பெறும்போது ஒரு மின்விசிறி கணக்கில் குறைந்ததற்காகப் பதினோரு மாதம் பென்ஷன் நின்றுபோனது. அதை ஹூகார் மறக்கவே இல்லை. அவருக்கு ஓய்வு 2020 ஜனவரியில்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல கையெழுத்து யாரு போட்டது? நான். உடைஞ்சா யாரு தலை உருளும்?"

"சார், பிள்ளைங்க தொடுறதுக்குத்தானே குடுத்தாங்க?"

"தொட்டா தேயும்."

"அப்ப நான் பொறுப்பு எடுத்துக்கிறேன். என் கையெழுத்தை வாங்கிக்கோங்க."

"நீங்க கெஸ்ட் டீச்சர்ம்மா. இன்னைக்கு இருப்பீங்க, வர்ற ஜூன்ல யாரு கண்டா? கெஸ்ட் கையெழுத்து செல்லாது. ரூல் இருக்கு."

இதே பேச்சு, வார்த்தை மாறாமல், பதினான்கு தடவை. சுனந்தா எண்ணி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் வகுப்புக்குத் திரும்பி வந்து, ரேணுகாவுக்காகத் தரையில் முழ நீளத்துக்கு எழுத்து எழுதுவாள். ரேணுகா அதன் மேல் நடந்து படிப்பாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு அறைத் தரை போதாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்தால் பாடம் முழுக்கப் பாவாடைகளில் போய்விடும்.

பீரோ வருஷத்தில் ஒரு நாள் திறக்கும். ஆயுத பூஜைக்கு. முதல் வருஷம் ஹூகார் பெட்டிகளுக்கு விபூதிப் பட்டை இழுத்து, சாமந்தி வைத்து, பிள்ளைகளுக்குப் பொரி கொடுத்துப் பூட்டினார். இரண்டாவது வருஷம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெட்டிக்குப் பொட்டு வைத்தால் உள்ளே இருக்கும் சாமானுக்குச் சேருமா? எனவே இருபதையும் வெளியே எடுத்து, கண்ணாடியில் விபூதியும், கீழே சார்ஜ் ஏறும் ஓட்டையில் ஈரக் குங்குமமும் வைத்தார்.

"ஐயோ சார், அங்க வைக்காதீங்க!"

"ஏன்? அதுதானேம்மா அதுக்கு வாய்? கரண்டு அது வழியாத்தானே சாப்பிடுது?"

சுனந்தா துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் இருபது வாயிலும் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்துவிட்டார். சாமிக்கு வைத்ததை அன்றே துடைக்கக் கூடாது என்று அவளைத் தடுத்தும் விட்டார். பீரோ மறுபடி பூட்டிக்கொண்டது.

2019 ஜூலையில் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை ஆள் வரும். டேப்கள் பாடத்தில் பயன்படுகின்றனவா என்று பார்க்கும். பயன்படவில்லை என்றால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடும். ரேணுகா இப்போது மூன்றாம் வகுப்பு. அடுத்த வருஷம் சுனந்தாவின் அறையிலேயே இருக்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹூகார் தானே பீரோவைத் திறந்தார். "சீக்கிரம் சுனந்தாம்மா, பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள்ல தள்ளக் கத்துக் குடுங்க. இப்படி இப்படி விரல்ல தள்ளினாப் போதும், நம்பிடுவாங்க."

சுனந்தா உட்கார்ந்து, தென்னை ஈர்க்கைச் சீவி, காய்ந்த குங்குமத்தை ஒவ்வொரு ஓட்டையாக நோண்டி எடுத்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் நம்பர் போட்டாள். பள்ளியின் ஒரே பிளக் பாயிண்ட் ஆபீஸ் அறையில், பிள்ளைகள் கை வைக்கக் கூடாது என்று விட்டத்துக்கு அருகில் இருந்தது. பெஞ்சின் மேல் நாற்காலி போட்டு, அதன் மேல் நின்று ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தாள். புதன்கிழமை மதியம் கணக்குத் தெரிந்தது. ஒன்பது உயிர் பெற்றன. பதினொன்று பெறவில்லை. அவற்றில் நான்கு, இரண்டு வருஷம் சும்மா கிடந்ததில், பேட்டரி வீங்கி வயிறு உப்பியிருந்தன.

ஹூகாரின் முகம் வெளிறிப் போனது. "பிள்ளைங்க உபயோகிச்சுக் கெட்டுப் போச்சுன்னு சொல்லிடலாம்."

"எந்தப் பிள்ளை, சார்? பேரு சொல்லுங்க."

அவர் ஒரு டம்ளர் டீ குடித்தார். குடித்து முடிப்பதற்குள், இரண்டு வருஷமாக இருந்த ரூல் எங்கேயோ போய்விட்டது. ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து ஒரு வரி எழுதி அவள் பக்கம் தள்ளினார். 'டேப் இருபது, நல்ல நிலையில், பெற்றுக்கொண்டேன்.'

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நீங்க கேட்டதுதானே? இனி உங்க பொறுப்பு, உங்க சாவி."

சாவியையும் மேஜை மேல் வைத்தார். பதினான்கு தடவை கேட்டது, கைக்கு எட்டும் தூரத்தில். பேனாவை எடுத்தவள் மூடியைத் திறக்காமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

அவள் அண்ணன் மௌனேஷ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மரக்கடை வைத்திருக்கிறான். படிப்பு ஏழாம் வகுப்பு வரைதான். அவள் போனபோது இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றான், முழுக் கதையையும் கேட்டுவிட்டு.

"இல்லண்ணா. ஆனா போடலைன்னா நாளைக்கு ஜீப்புல ஏத்திட்டுப் போயிடுவாங்க. எனக்கு அந்தப் பிள்ளை படிச்சாப் போதும்."

"பைத்தியக்காரி. நான் பலகை வாங்கும்போது என்ன பண்றேன்? எங்க கணு, எங்க வெடிப்பு, எல்லாத்தையும் எழுதி, குடுக்கிறவன்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் வண்டியில ஏத்துறேன். இல்லைன்னா நாளைக்கு வெடிப்பு நான் போட்டதுன்னு ஆயிடும். பதினோரு செத்த சாமானை நல்லா இருக்குன்னு வாங்கினா, நீ கொன்னதுன்னு ஆயிடும். மார்ச்ல போன்னு சொல்லுவாங்க, ஜூன்ல வான்னு சொல்ல மாட்டாங்க."

"கணுவை எழுதுனா அவர் கையெழுத்துப் போட மாட்டாரே?"

"அப்ப நீயும் போடாத."

வியாழக்கிழமை காலை அவள் ரிஜிஸ்டரில் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதினாள். 'டேப் இருபது. வேலை செய்பவை ஒன்பது. செய்யாதவை பதினொன்று. வாயில் குங்குமம் இருந்தவை இருபது.' நம்பர்களையும் வரிசையாக எழுதினாள். ஹூகார் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ராத்திரி மழை பெய்திருந்தது. மரம் அதைக் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவள் ஷர்வாணி, இருபத்தைந்து வயசு இருக்கும்.

"டேப்பெல்லாம் வாரத்துக்கு எத்தனை நாள் யூஸ் பண்றீங்க, சார்?"

"தினமும்," என்றார் ஹூகார்.

அவள் முன்வரிசைப் பிள்ளையிடம் குனிந்தாள். "டேப்ல என்னல்லாம் பண்ணுவீங்க, கண்ணு?"

"பூஜை பண்ணுவோம்," என்றான் அவன், மணியான குரலில். "அப்புறம் பொரி குடுப்பாங்க."

"போன வருஷம் வெல்லமும் குடுத்தாங்க," என்றது பக்கத்துப் பிள்ளை.

கதவோரம் நின்ற காசிம்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஷர்வாணிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முகத்தில் நிலைக்கவில்லை. ஒரு டேப்பை எடுத்துப் பார்த்தாள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. "எங்க சார்ஜ் போடுறீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் கதவு வழியே ஆபீஸ் அறை விட்டத்தைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க, சார். எடுத்துட்டுப் போக வேண்டியதுதான். வண்டியில இடம் இருக்கு."

"ரெண்டு நிமிஷம்," என்றாள் சுனந்தா. இரண்டு வருஷத்துக் கடுப்பு அந்தக் குரலில் இருந்தது. ஏழாம் நம்பர் டேப்பை எடுத்து, பிளாஸ்டிக்கை உரித்து, பாடத்தைத் திறந்து ரேணுகாவின் மடியில் வைத்தாள்.

ரேணுகா யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு விரலை வைத்தாள், விரித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் பத்து நிமிஷத்தில் கற்றது. மூக்கு திரையில் படாமல் உட்கார்ந்து, குளத்தங்கரை நாரைப் பாடத்தை முதல் வரியிலிருந்து நான்காவது வரிவரை திக்காமல் படித்தாள். பிறகு மேல் மூலையையும் விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கோரே, இதுல பதினாலுதான் சார்ஜ் இருக்கு. சீக்கிரம் செத்துடும்," என்றாள்.

ஷர்வாணி கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். "இந்த ரூம்ல யாராவது ஒருத்தர் பேரு போட்டுப் பொறுப்பு எடுத்துக்கிட்டா, நான் விட்டுட்டுப் போறேன். வேலை செய்யாதது இருந்தா ரிப்பேருக்கு எடுத்துக்கிறேன். ஆனா எது எதுன்னு எழுதிக் குடுக்கணும்."

"எழுதி வெச்சிருக்கேன்," என்றாள் சுனந்தா. ரிஜிஸ்டரை ஹூகார் முன்னால் வைத்தாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தைப் பார்த்தார். அவள் பக்கமாகக் குனிந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல், "அந்தக் குங்குமம் மட்டும் வேண்டாமே, சுனந்தாம்மா," என்றார்.

"குங்குமத்தை எடுத்துடுறேன், சார். பதினொண்ணை எடுக்க மாட்டேன்."

குங்கும வரியை ஒரே கோடாக அடித்தாள். 'ஒப்படைத்தேன்' என்ற இடத்தில் ஹூகார் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூரு போன பதினொன்றில் ஆறு திரும்பி வந்தன. பிளக் பாயிண்ட் கீழே இறங்கியது. மௌனேஷ் சட்டம் செய்து கொடுத்தான், ஐந்து பள்ளம் காலியாகத்தான் கிடக்கின்றன. ரேணுகா நான்காம் வகுப்புக்குப் போகும்போது ஏழாம் நம்பரும் கூடவே போனது. ஹூகாரின் பென்ஷன் ஒரு மாதமும் நிற்கவில்லை. எல்லாம் எழுத்தில் இருந்தது. சாக்பீஸ் மட்டும் இன்றுவரை யாரும் கொடுக்கவில்லை.

ஸ்டாக் ரிஜிஸ்டரின் அறுபத்திரண்டாம் பக்கத்தில், ஹூகாரின் பெயருக்குக் கீழே, 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில், நீல மையில், ஓர் எழுத்தும் அடித்தல் திருத்தல் இல்லாமல்: சுனந்தா படிகேர், 18 ஜூலை 2019.