இரண்டு நிமிட வண்டிக்காரர்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சரித்திர வேஷம் கட்டுகிறவன் வெயிலைத் தாங்குவான், ஒட்டுமீசையின் அரிப்பைத் தாங்குவான். கூட நடிக்கிறவருக்குக் கிடைக்கும் பெயரை மட்டும் தாங்கமாட்டான். பக்கத்து ஆளைப் பார்த்து ஒருமுறையாவது வயிறு எரிந்தவர்கள் மேலே படியுங்கள்.

தலைப்பாகை மாற்றும் நேரம்

பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் முப்பது வருஷம் சரித்திரக் கதை எழுதியவன் நான். ஆற்காட்டு நவாப்புக்கும் பிரெஞ்சு, இங்கிலீஷ் படைகளுக்கும் நடுவே ஆரணிச் சீமை எல்லைப்புறமாகிச் சிக்கித் தவித்த காலத்தை நாடகமாக எழுதினேன். கோட்டைத் தலைவர் வேஷம் எனக்கு. தர்பார் உடையைக் கழற்றிப் போர் உடை போட இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப, பீரங்கி இழுக்கும் மாடுகளோடு பேசிவிட்டுப் போகிற ஒரு வண்டிக்காரரை நுழைத்தேன். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை எடை போடும் மோசஸ் அதற்கு ஒப்புக்கொண்டார்.

முதல் நாடகம் முடிந்ததும், "கோட்டைத் தலைவரை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றேன். முன்வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

"அந்த மாடுங்க சாப்டுச்சா சார்?"

தொட்டுப் பார்க்கும் ஊர்

மற்ற ஊர்களில் என் வாளைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆரணியில் அங்கியைத் தொடுவார்கள். நெசவாளர் தெருப் பள்ளி ஒன்றில், தினமும் தறியில் உட்காரும் ஓர் அம்மாள் என் அங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார், திருப்பி உள்பக்கமும் பார்த்தார். பிறகு மோசஸின் தோளில் கிடந்த துண்டைத் தேய்த்தார். நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

"தலைவரு பாலியஸ்டர் மாட்டிகினு கீறாரு, வண்டிக்காரரு கைத்தறி போட்டுகினு கீறாரு. இதுல யாருங்க ராஜா?"

தேதிகளால் ஒரு பொறி

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்காரரின் வசனத்தில் வந்தவாசிப் போர் நடந்த ஆண்டு, மாதம், இரண்டு தளபதிகளின் முழுப் பெயர், எல்லாவற்றையும் சேர்த்தேன். பிள்ளைகளின் படிப்புக்கு நல்லது என்று காரணம் சொன்னேன். மோசஸுக்கு மனப்பாடம் வராது என்பது எனக்குத் தெரியும்.

வந்தவாசியிலேயே மேடை. நினைத்தபடியே ஆண்டு வந்த இடத்தில் மோசஸ் நின்றுவிட்டார். திரைக்குப் பின்னால் இடுப்புக் கச்சையை இறுக்கியபடி நான் மகிழ்ந்தேன். அவரோ கண்ணுக்குத் தெரியாத மாட்டின் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தார். கூடம் முழுக்க அவரையே பார்த்தது.

"தேதியெல்லாம் தலைவரக் கேளுங்க. பீரங்கி வெடிச்சப்ப இடது மாடு என் மேலயே சாஞ்சுகினு நடுங்குச்சு, எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

ஒரே ஆள் போதும்

கலசப்பாக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியுமாம், வண்டிக்காரரை மட்டும் அனுப்பினால் போதுமாம். நான் மோசஸிடம் சொல்லவில்லை. உடைகள் என் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. அவர் வேட்டியைக் கட்டி, அவர் துண்டைப் போட்டுக்கொண்டு நானே போனேன். ஒரு சொல் பிசகாமல் பேசினேன். மாடு நடுங்கியதையும் விடவில்லை.

பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் எங்கள் நாடகத்தை வேறு பள்ளியில் பார்த்திருந்த நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கடைசியில் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தலைவரே, எதிரி கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதானே வண்டிக்காரர் மாதிரி வந்திருக்கீங்க?"

மில் வாசலில்

மறுநாள் களம்பூருக்குப் போய் மோசஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேதிகளைச் சேர்த்த காரணம் உட்பட. தராசில் இருந்த மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு வந்தார். கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். என்னோடு இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார். தடவறதுக்கு முன்னாடி, கைய மாடு மோந்து பாக்க விடணும்."

இப்போது மோசஸ் அரை மணி நேரம் தனியாகவே நடிக்கிறார். மாட்டு வேஷமாவது எனக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.