கப்பல் பெட்டியும் நாலு மூட்டை ஏலக்காயும்

வீரணனுக்கு எலி என்றால் ஆகாது. அது ஏதோ சின்னப் பகை இல்லை, ஒரு போகத்தையே தின்றுவிட்டுப் போன பகை. போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் அவனுக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம் இருந்தது. பக்கத்துத் துண்டு அவன் அக்காள் மொக்கம்மாளுடையது. அவள் புருசன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் சிலமலையில் வயல்வேலை செய்து பிழைத்தாள். இரண்டு துண்டையும் வீரணனும் அவன் மனைவி கருத்தம்மாளும்தான் பார்த்துவந்தார்கள். போன வருசம் சாக்கில் கட்டிவைத்திருந்த காயை எலி கொறித்து, தொலியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டது.

இந்த வருசம் அப்படி விட முடியாது. மொக்கம்மாளின் மகள் அன்னக்கொடிக்குத் தையில் கல்யாணம். அக்காள் பங்குக் காயைக் கல்யாணத்துக்கு முன்னால் விற்றால்தான் தாலியும் சேலையும் பந்திச் சோறும். காய் கெட்டுப்போனால் தாய்மாமன் எந்த முகத்தோடு பந்தலில் போய் நிற்பான்? அந்த நினைப்பே அவனை அரித்தது.

போடியில் ரயிலடிக்குப் பின்னால் பழைய இரும்புக்கடை வைத்திருந்த வெள்ளைத்துரையிடம் இரண்டு பெரிய இரும்புப் பெட்டிகள் வந்திருந்தன. மலையில் நடந்த மின்சார வேலைக்காக எந்திரச் சாமான்களை அடைத்துச் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. ஆள் குனிந்து உள்ளே நிற்கலாம், கதவும் உண்டு. ஒன்றில் மேல்பக்கம் வரிசையாகத் துளை போட்டிருந்தது. இன்னொன்று ஒரு துளையும் இல்லாத முழு மூட்டம்.

"அண்ணே, ஓட்ட வச்சதத் தூக்கிட்டுப் போங்க. காய்க்குக் காத்து வேணும்ல" என்றான் வெள்ளைத்துரை.

"ஓட்டையில எலி வராதா?"

"சுண்டுவெரலே நொழையாது. எலி எங்கிட்டுண்ணே வரும்?"

"எலிக்குஞ்சு வரும்யா."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீரணன் மூட்டமாக இருந்த பெட்டிக்குள் நுழைந்து, கதவைச் சாத்தச் சொன்னான். உள்ளே நின்று நாலு பக்கமும் வெளிச்சம் தெரிகிறதா என்று தேடினான். ஊசிமுனை அளவுகூட இல்லை. வேர்வையில் தெப்பலாக நனைந்து வெளியே வந்தவன் முகத்தில் புதுமாப்பிள்ளைச் சிரிப்பு.

"உங்களுக்கே இப்படி மூச்சு முட்டுதே, காய்க்கு ஆகுமா?" என்று கேட்டாள் கூட வந்திருந்த கருத்தம்மாள்.

"காய் என்ன மூச்சா விடுது? சும்மா இரு ஆத்தா."

பெட்டி லாரியில் மலையேறியது. ரோட்டிலிருந்து வீடுவரை எஸ்டேட் ஆட்கள் கம்பு கொடுத்து, சாமி சப்பரம் மாதிரி தூக்கிவந்தார்கள். ஐப்பசிக் கடைசியில், உலர்த்திய காயை உள்ளே அடுக்கினான் வீரணன். அக்காள் காய் இரண்டு மூட்டை. அதைத்தான் முதலில் எடுத்து, பின்சுவரோடு சேர்த்து, இருப்பதிலேயே பத்திரமான இடம் என்று வைத்தான். தன்னுடைய இரண்டு மூட்டையைக் கதவோரம் போட்டான். அக்காள் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. பகலில் கொஞ்சம் வெயில், ராவெல்லாம் குளிரும் மஞ்சும். மழை விட்ட ஒருநாள் காலையில் கதவைத் திறந்தவனுக்கு ஏலக்காய் வாசம் வரவில்லை. நனைந்த பாய் வாடை குப்பென்று அடித்தது. பெட்டியின் இரும்புக்கூரை வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டி பின்பக்கமாகச் சரிந்து நின்றதால் தண்ணீரெல்லாம் பின்சுவரில் வழிந்து, அங்கே இருந்த சாக்கு ஊறிப்போயிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், இளம்பச்சையாக இருந்த காயெல்லாம் வெளுத்துப் பூசணம் பூத்துக் கிடந்தது. கதவோரம் இருந்த அவனுடைய காய்க்கு ஒரு குறையும் இல்லை.

வீரணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஆம்பிளை அழுவதா என்று வெட்கப்படவெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை.

கருத்தம்மாள் கெட்ட காயில் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "நம்ம காயக் கொண்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மதினி சாக்குல கொட்டத்தான். அவுககிட்ட மூச்சு விடாதீக. தெரிஞ்சா நம்ம காய வாங்க மாட்டாக. கல்யாணம் நின்னு போகும்."

"அப்ப நம்ம பாடு?"

"எஸ்டேட்ல களை வெட்டற சோலி இருக்குல்ல. ரெண்டு பேரும் போவோம்."

அக்காளின் சாக்கை அலசி அடுப்பங்கரையில் காயவைத்து, தங்கள் காயை அதில் கொட்டித் தைத்தார்கள். பூசணக் காயை ஓடைக்கரையில் புதைத்தான் வீரணன்.

மார்கழியில் மொக்கம்மாள் மலையேறி வந்தாள். மூட்டையைப் பிரித்து ஒரு காயைப் பல்லில் கடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பு, இது பெட்டி இல்லடா, குலசாமி! காய் நேத்துப் பறிச்சாப்ல இருக்கு. ஊருக்குள்ள சொல்லிப்புட்டேன். அடுத்த போகத்துக்கு என் கொழுந்தன் காயும் அவுக பங்காளி காயும் இங்கதான் வரும். எம் பேச்சத் தட்டமாட்டன்னு சொல்லியிருக்கேன்."

உண்மையைச் சொன்னால் மூட்டையை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் நாலு குடும்பத்துக் காய் நாசமாகும். வீரணன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அதெல்லாம் தோதுப்படாது மதினி" என்றாள் கருத்தம்மாள். "எங்க காய்க்கே எடம் பத்தல. அடுத்தவுக காய வச்சுக் காவல் காக்க எங்களால ஆகாது."

மொக்கம்மாள் முகம் செத்துப்போனது. "பவுசு வந்துருச்சுல்ல ஒனக்கு? எந் தம்பி வீட்டுல வச்சு எனக்கு எடமில்லங்கிற. இருக்கட்டும்."

வைத்த காப்பியை அவள் தொடவில்லை. வீரணன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். கருத்தம்மாள் கண்ணாலேயே அடக்கினாள். காயை ஏற்றிப்போக ரோட்டில் ஜீப்பு வந்து ஆரன் அடித்தது.

"தாய்மாமன் இல்லாமத் தாலி ஏறாது. நீ மொத நாளே வந்துரு அப்பு" என்றாள் மொக்கம்மாள், தம்பியை மட்டும் பார்த்து. "ஒம் பொண்டாட்டிக்குத்தான் எடம் பத்தாதே, அவ இங்கனயே இருக்கட்டும்."

கருத்தம்மாள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தூக்கும்படி புருசனுக்குச் சாடை காட்டினாள்.