மங்கம்மாவுக்கு உடம்பு தேறியது

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் யாருக்காவது இருமல் வந்து நாளாகியும் நிற்கவில்லை என்றால், மங்கம்மாவை அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவள் நெற்றியைத் தொடமாட்டாள், நாடி பார்க்கமாட்டாள். சும்மா உட்கார்ந்து கேட்பாள். இரண்டு தரம் இருமினால் போதும். "மழை இருமல், கஷாயம் வெச்சுக் குடு" என்பாள். இல்லையென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, "மைன்ஸ் இருமல்தாம்மா. தலகாணிய ஒசத்தி வெச்சுப் படுக்க வை" என்பாள். அவள் சொன்னது அநேகமாகத் தப்பாது.

அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது புருஷன் முனிரத்தினத்தின் நெஞ்சு. பூமிக்கடியில் பாறை துளைத்த ஆள். சுரங்கத்தை மூடியபோது வேலை போயிற்று. உள்ளே புகுந்த தூசு போகவில்லை. பிறகு அவர் செத்த நாள்வரை உட்கார்ந்தபடியேதான் தூங்கினார், மங்கம்மாவின் முதுகில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. அவளும் சும்மா இருக்கவில்லை. இங்கே, கோலாரில், பெங்களூரில் என்று இழுத்துக்கொண்டு அலைந்தாள். போன இடத்திலெல்லாம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: "நுரையீரல் கல்லாயிடுச்சு. மருந்து கிடையாது." கடைசித் தடவை திரும்பி வரும்போது அந்தப் படத்தை பஸ் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டாள்.

மகன் ராஜ்குமார் சுரங்கத்தின் வாசல்கூட மிதித்தவனில்லை. மூடும்போது அவன் பள்ளிக்கூடப் பையன். வளர்ந்து, கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, லைனில் பாதிப்பேரைப் போல அவனும் விடியற்கால ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு கம்பெனிக் கட்டடத்தில் குழாய் வேலை பார்த்தான். இருமல் வந்தபோது அவனே அதைச் சிரிப்பாக்கினான்.

"அப்பா சொத்துன்னு ஒன்னும் வெக்கல, இருமலாச்சும் எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

ரயிலில் கூடச் சீட்டாடும் சாம்சனும் விடவில்லை. "மைன்ஸ் கேஜ்ல ஒரு நாள் எறங்கல, அதுக்குள்ள சர்வீஸ் முடிச்சிட்டியேடா!"

மங்கம்மா சுவருக்கு இந்தப்பக்கம் படுத்துக் கேட்டாள். வறட்டு இருமல். விடியும்போது கூடியது. அதே முனிரத்தினம். சுரங்கத்துக்குப் போகாதவனுக்கு எப்படி என்ற கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சைனைடு மண்மேட்டிலிருந்து காற்றடித்தால் சோற்றுத்தட்டில்கூட மண் விழுகிற ஊர் இது. ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. சாயங்காலமானால் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. முனிரத்தினத்துக்குக் கடைசிவரை அப்படி அடித்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். ரயில் ஜன்னல் காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

மருமகள் சுனிதா பங்காருபேட்டைக்காரி. அவள் வீட்டில் யாரும் சுரங்கத்தில் இருந்ததில்லை.

"அத்தே, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு அவருக்கு. ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்."

"படம் எடுத்தா இன்னா தெரியும்? தூசு தெரியும். அவங்கப்பாவுக்கு எடுக்காத படமா? மருந்தில்லன்னு சொல்றதக் கேக்கறதுக்கு ஏம்மா அவ்ளோ தூரம்?"

"இருந்தாலும்…"

"நான் பாத்துக்கறேன். இந்த இருமலு எனக்குத் தெரியாததா?"

ராஜ்குமாருக்கும் அதுவே வசதி. லீவு போட வேண்டாம், கெட்ட சேதி கேட்க வேண்டாம். மங்கம்மா அவன் தலையணையை உயர்த்தி வைத்தாள். ஆவி பிடிக்க வைத்தாள். புருஷனுக்கு ஒருநாளும் பலிக்காத அத்தனையும் மகனுக்குச் செய்தாள், அன்போடு. உண்மையிலேயே அன்போடு. தன் காதில் மறுபடி விழ வேண்டாம் என்று அவள் நினைத்தது, 'மருந்து கிடையாது' என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

மழைக்காலம் முடிகிற சமயம், ரயில் பங்காருபேட்டையை நெருங்கும்போது அவன் இருமினான். கையிலிருந்த சீட்டெல்லாம் ரத்தமாயிற்று. சாம்சன்தான் தோளில் தாங்கி இறக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்கு போன் போட்டான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசினார். டி.பி. என்றார். ரெண்டு பக்கமும் அரித்துவிட்டது என்றார்.

"டஸ்ட் இல்லீங்களா?" என்று கேட்டாள் மங்கம்மா.

"அவர் மைன்ஸ்ல வேலை செஞ்சாரா?"

"இல்லீங்க."

"அப்புறம் டஸ்ட் எப்படிம்மா? இது கிருமி. இதுக்கு மருந்து இருக்கு. ஆறு மாசம் மாத்திரை. ஆரம்பத்துலயே வந்திருந்தா வேலைக்குப் போயிக்கிட்டே சாப்பிட்டிருக்கலாம்."

மருந்து இருக்கு. இத்தனை வருஷமாக ஒரு டாக்டர் வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை. கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் முகம் மாறாததைப் பார்த்த பிறகுதான் கை இறங்கியது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. ஊசி, ரத்தம், பிராணவாயு, கடைசியில் மெஷின். எல்லாம் ஓடிப்போனவனைத் துரத்துகிற மாதிரி இருந்தது. ராஜ்குமார் அந்த வாரமே போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடிந்ததும் சுகாதார நிலையத்திலிருந்து மம்தா என்ற பெண் வந்தாள். ஒரு வீட்டில் ஒருத்தருக்கு இருந்தால் எல்லாரையும் பார்த்தாக வேண்டுமாம். சுனிதாவுக்கும் குழந்தை இந்துவுக்கும் ஒன்றுமில்லை. மங்கம்மாவின் சளியில் கிருமி இருந்தது. இருமல்கூட இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

"ரொம்ப ஆரம்பத்துல பிடிச்சிட்டோம், பயப்படாதீங்க" என்று மாத்திரை அட்டையை நீட்டினாள் மம்தா.

"எனக்கு வேணாம்மா. எம்புள்ள போன வழியில நானும் போறேன்."

புருஷன் போனதிலிருந்து மாமியாரோடு ஒரு வார்த்தை பேசாத சுனிதா, உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"போறது உங்க இஷ்டம். ஆனா எம்பொண்ணு இதே வூட்ல மூச்சு வுடுது. வாயத் தொறங்க."

மங்கம்மா வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் அந்த டம்ளர் வந்தது. விழுங்கித் தொண்டை அசையும்வரை சுனிதா நகரமாட்டாள். ஒருநாள் மங்கம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சுனிதா, நானு தெரிஞ்சு…"

"தெரியும். அதுக்காக நான் ஒன்னும் மன்னிச்சிடல, அத்தே. தண்ணியக் குடிங்க."

மருந்து வேலை செய்தது. அதைத்தான் மங்கம்மாவால் தாங்கமுடியவில்லை. கிழவி உடம்பு, கேட்காது என்று எதிர்பார்த்திருந்தாள். அது மருந்துக்கு அவ்வளவு லேசில் கேட்டது. அவளுக்கும் லேசாகத் தொடங்கியிருந்த சாயங்காலக் காய்ச்சல் தானாக நின்றது. பசியெடுத்தது. இரண்டாவது தரம் சோற்றுக்குக் கை நீண்டு, பாதியில் நின்றது. ரவிக்கை இறுகியது. மகனுக்குத் தளர்ந்ததெல்லாம் அவளுக்கு இறுகியது. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் மம்தா சந்தோஷமாக, "சூப்பரா ஏறியிருக்கீங்க!" என்பாள். மங்கம்மா யாரோ திட்டியதைப் போலத் தலைகுனிந்து எடை மெஷினிலிருந்து இறங்குவாள்.

கடைசியில் சளி சுத்தம் என்று வந்தது. "முடிஞ்சுது, இனி மாத்திரை வேணாம்" என்றாள் மம்தா.

"இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடேம்மா."

"இன்னாத்துக்கு? அதான் குணமாயிடுச்சே!"

மறுநாள் விடிகாலையில் மங்கம்மா எழுந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். சுனிதா இப்போது அதே ரயிலில் போய்ப் பெங்களூரில் தையல் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். தலைவாரி, பையை மாட்டி, செருப்பைத் தேடினாள். இன்று கொடுக்க ஒன்றுமில்லை. ஆகையால் பேசவும் ஒன்றுமில்லை. வாசல்வரை போனவள், திரும்பாமலே சொன்னாள்:

"கஞ்சி அடுப்புல கீது. இந்து எழுந்தா அவளுக்கும் ஊத்துங்க."

ரயிலுக்கு ஓடுகிற செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. மங்கம்மா அடுப்படிக்குப் போனாள். குழந்தைக்கு எடுத்து வைத்தாள். பிறகு தனக்கு ஊற்றிக்கொண்டாள். நல்ல பசி. அழுதுகொண்டே முழுக்கச் சாப்பிட்டாள்.