வேண்டுதல் முடியாத மொட்டை

சந்தனம் பூசுகிறவள் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். தலையைத்தான் பார்ப்பாள். முருகன் கோயில் மலைமேல் மொட்டை போட்டு, குளித்து, ஈரத்தலையோடு வந்து எதிரே குனிந்தால், கிண்ணத்தில் கையை விட்டு உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவேன். அதற்குள் அடுத்த தலை வந்துவிடும். நான் குழைக்கிற சந்தனம் வெயிலில் வெடிக்காது, வேர்வையில் வழியாது. இது நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. வருஷா வருஷம் சித்தூரிலிருந்து வருகிற குடும்பங்கள் மற்றக் கிண்ணங்களைத் தாண்டி என்னிடம் வருகிறார்கள், அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலையிலேயே நல்ல கூட்டம். ஒரு பெண் வந்து எதிரே குனிந்தது. நைட்டி மாதிரி ஒரு தொளதொள சட்டை, ஈரமான கழுத்து. வயசுப்பெண் மொட்டை போட்டிருந்தால் பெரும்பாலும் ஆந்திராப் பக்கமாக இருக்கும். அதனால் தெலுங்கிலேயே, “மீதே ஊரம்மா?” என்று ஊரைக் கேட்டுக்கொண்டே பூசினேன்.

“இந்த ஊருதாம்மா” என்று பதில் வந்தது.

குரலைக் கேட்டபிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என் மகள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் டியூட்டியில் இருக்க வேண்டியவள். அவள் தலையில் பாதி சந்தனம், என் கையில் பாதி.

இந்த இடத்தில் வேண்டுதலைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அவள் ஒரே பிள்ளை, அதுவும் காலம் போன காலத்தில் பிறந்தவள். அவள் டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கு மேலே இருக்கிற பெரிய படிப்புக்குப் பரீட்சை எழுதி இடமும் வாங்கினபோது, நான் மலையில் கடை போட்டிருக்கிற அத்தனை பேர் எதிரிலும் வேண்டிக்கொண்டேன். இவள் அந்தப் படிப்பை முடித்து வெளியே வந்தால் முருகனுக்கு இவள் முடியைத் தருகிறேன் என்று. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பக்கத்தில் பூ விற்கிறவள் அப்போதே, “கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு மொட்டையாக்கா? வேற எதுனா வேண்டிக்கக் கூடாதா?” என்றாள். “முடி தன்னால வளரும். டாக்டர் படிப்பு தன்னால வளருமாடி?” என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டாள்.

ஆக, அந்தக் கடை வரிசையில் எல்லோருக்கும் ஒன்று தெரியும். என் மகள் தலையில் முடி இல்லையென்றால் அவள் படிப்பை முடித்துவிட்டாள் என்று அர்த்தம். அது முடிய இன்னும் வருஷத்துக்கு மேலே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பூக்காரி எட்டிப் பார்த்தாள். “அட, நம்ம பொண்ணு! அக்கா, முடிஞ்சிடுச்சா? வாயே தொறக்கலியே நீ!” என்று கூவிக்கொண்டு, கட்டி வைத்திருந்த சம்பங்கி மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டாள். அவளுக்கு முடி இறக்கின அம்மாவும் மொட்டை அடிக்கிற மண்டபத்து வாசலுக்கு வந்து, “எனக்கே இப்பதான் தெரியுது. முடி காணிக்கைன்னு வந்து உக்காந்தா, நானும் யாரோன்னு போட்டுட்டேன்” என்று சிரித்தாள். தேங்காய்க் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். என் மகள் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடையைப் பூக்காரியிடம் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் படுத்தாள். மாலையைக்கூட நான்தான் கழற்றினேன். தூங்குகிறவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருத்து, உதடு வெடித்துக் கிடந்தது. சாயங்காலம் எழுப்பிச் சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஏன் இப்பவே எடுத்த?” என்றேன். “வேண்டுதல் இன்னும் ஆவலியே.”

“வேண்டுதல் உன்னுதும்மா. என்னுது வெறும் சிக்கு.”

அப்புறம் அவளாகவே சொன்னாள். ஒருநாள் காலையில் டியூட்டிக்குப் போனால் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருவாளாம். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை மூடுவதுதான் தூக்கம். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். வலி எடுத்துக் கத்துகிறவர்களைப் பார்த்து இவள் கத்த ஆரம்பித்திருக்கிறாள். முன்பெல்லாம் அப்படிக் கத்துகிற டாக்டர்களைப் பார்த்தால் இவளுக்கு ஆகாது.

“ஒரு அம்மாவுக்கு ரத்தம் நிக்கல” என்றாள். “எல்லாரும் ஓடறாங்க, நானும் ஓடறேன். செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சோம்மா, ஒண்ணும் விடல. அந்தம்மா போய்ட்டாங்க. வெளிய அவங்களப் பெத்தவங்க நின்னுகினு இருக்காங்க. நாந்தான் போய் சொன்னேன். அவங்க என் கையப் புடிச்சிகினு அழுவுறாங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவங்க கைய விட்டா போய்ப் படுக்கலாமேன்னு நெனச்சேன்.”

நான் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அழுவ வரலம்மா. பாவம்னுகூடத் தோணல. ரூமுக்கு வந்து கண்ணாடியப் பாத்தா தலையில முடி சடை புடிச்சிகினு கெடக்குது. எப்ப வாருனேன்னு ஞாபகமே இல்ல. சீப்பு எறங்கல. அப்படியே வந்து வண்டி ஏறிட்டேன். ஸ்டேஷன்ல எறங்கி வீட்டுக்குத்தான் கெளம்புனேன். மலைக்குப் போற ஆட்டோ நின்னுகினு இருந்துது. ஏறிட்டேன்.”

“சாப்புடு. ஆறுது” என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் ஒரு யோசனை சொன்னாள். “மேல எல்லாரும் நான் முடிச்சிட்டேன்னு நெனச்சிகினு இருக்காங்க. அப்படியே இருக்கட்டுமே. நான் திரும்பி அங்க போவல. எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். பள்ளிப்பட்டு பக்கம் எதுனா சின்ன கிளினிக்ல உக்காந்துக்கறேன். சளி, ஜுரம் பாக்கறதுக்கு முன்ன படிச்ச படிப்பே போதும். நீ யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல.”

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இந்த ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்கிறவள். என் மகள் பாதியில் ஓடி வந்துவிட்டாள் என்று நாலு பேர் பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையா? வாயைத் திறந்து பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை. தலையே எல்லாம் சொல்லிவிட்டது. சரி, நடக்கிறபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானமே அந்தச் சொல்லாத பொய் வாசலுக்கு வந்துவிட்டது. பூக்காரி தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மையார்குப்பத்துத் தறி வீட்டுப் பெண், தலைப்பிரசவம், நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இனிமே எங்கயும் போறதில்ல. நம்ம பொண்ணு பெரிய பிரசவ டாக்டரா வந்துட்டா, அவ கையாலதான் என் பேரப்புள்ள பொறக்கணும். கொஞ்சம் வயித்தத் தொட்டுப் பாக்கச் சொல்லு.”

“தூங்கறா.”

“எழுப்பு. டாக்டருங்களுக்குப் பகல்ல என்ன தூக்கம்?”

உள்ளே போனேன். அவள் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே பேசினது காதில் விழுந்திருக்கிறது. கையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதுகூட அந்த மாதிரி என்னைக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

வெளியே வந்தேன். “அவ இன்னும் முடிக்கல” என்றேன்.

“எத முடிக்கல?”

“படிப்ப. பாதியில வந்துருக்கா. தாங்க முடியாம வந்துட்டா.”

பூக்காரி என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப மொட்டை?”

“அது வேண்டுதல் இல்ல.”

“என்னக்கா நீ! நான் ஒரு முழு மாலைய எடுத்துப் போட்டேனே!”

“வாடிப்போச்சு. வேணும்னா எடுத்துகினு போ.”

“மலை பூரா சொல்லிட்டியே.”

“நான் எங்க சொன்னேன்? நீங்களே பாத்தீங்க, நீங்களே சொல்லிக்கினீங்க. நான் வாயத் தொறந்தனா?”

மருமகள்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் மறைத்துக்கொண்டாள். பூக்காரி சிரிக்கவில்லை. “கேட்டா என்னான்னு சொல்றது?” என்றாள்.

“ஒடம்பு சரியில்லாம வந்துருக்கான்னு சொல்லு. உன் மருமவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ, வழக்கமா காட்டற எடத்துலயே காட்டு.”

அன்றைக்கு இரண்டு பேர் வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போனார்கள். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

அந்த வாரமே என் மகளோடு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுதிக்கொடுத்துவிட்டு வருவதற்கு என்றுதான் அவள் கிளம்பினாள். எனக்கு ஒரே ஒரு தரம் அவள் வார்டுக்குத் தலைமையாக இருக்கிற பெரிய மேடத்தைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது. அவர் என்னைவிடச் சின்னவர்தான். தலை நரைத்திருந்தது. மேசையில் டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது. அவரும் இவள் தலையைப் பார்த்துவிட்டு, “ஓ, ஊருக்குப் போனது இதுக்குத்தானா? வேண்டுதலா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. சிக்கெடுக்க நேரமில்லாம எடுத்துட்டா” என்றேன்.

அவர் டீயைத் தள்ளி வைத்தார். அப்புறம், “நாங்க படிக்கும்போதும் இப்படித்தாம்மா. தூக்கம் கெடையாது, சாப்பாடு கெடையாது. பழகிடும்” என்றார்.

“உங்களுக்கும் அழுவ வராமப் போச்சுங்களா?”

நான் வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் இவளை நிமிர்ந்து பார்த்தார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமாம்மா” என்றார். “கொஞ்ச வருஷம்.”

அப்போது என்ன ஏது என்று அவரை யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. இவளை உட்காரச் சொன்னார். விட்டுவிடுகிறேன் என்று இப்போது எழுதித் தராதே, முதலில் லீவு எடு, விட்டுப்போன மாசங்களைக் கடைசியில் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்றார். அங்கேயே மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார். அவர் மாத்திரை கொடுத்து, முதலில் தூங்கச் சொன்னார்.

லீவில் அவள் தூங்கினாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள். நடுவில் என்மேல் எரிந்து விழுந்தாள், ஒருநாள் பாதிச் சோற்றில் எழுந்து போனாள். நான் மலைக்குப் போய்ச் சந்தனம் பூசினேன். கடை வரிசையில் யாரும் எதிரே பேசவில்லை, பின்னால் பேசியிருப்பார்கள். கூட்டத்தில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவர், “அவ்ளோ பேச்சு பேசுனியேம்மா” என்றார். “இப்பவும் பேசுவேன், என்ன இப்ப?” என்று கேட்டுவிட்டு அடுத்த தலையைப் பார்த்தேன்.

தலையில் முடி கறுப்பாக எழும்ப ஆரம்பித்த சமயம், ஒரு காலையில் அவள் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். பூக்காரியின் மருமகள் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போனாள். இவள் வாயில் நுரையோடு, “ஏய், நில்லு. கால் எப்பலேர்ந்து இப்படி வீங்கியிருக்குது?” என்று கூப்பிட்டாள். இறங்கிப் போய்க் குனிந்து, பாதத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். “இன்னிக்கே போய் பிரஷர் பாத்துட்டு வா. நாளைக்குன்னு வெக்காத” என்றாள். போய்ப் பார் என்று என் மகளை யாரும் அனுப்பவில்லை. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், கூப்பிடவில்லை.

சில நாள் போனபிறகு, லீவு முடியும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றாள். “போறேன்னு சொல்லல. போய்ப் பாக்கறேன்.” நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வண்டி புறப்பட நேரமிருந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆண்பிள்ளை கிராப்பு மாதிரி முடி. எதிர் சீட்டுக்காரர் உற்றுப் பார்த்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“முடியலன்னா வந்துடு” என்றேன். “ராத்திரின்னு பாக்காத, டியூட்டின்னு பாக்காத. வண்டி ஏறு, வந்துடு.”

“வந்துட்டா மலையில எல்லாருக்கும் என்னம்மா சொல்லுவ?”

“என் பொண்ணு வந்துட்டான்னு சொல்லுவேன்.”

அவள் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகருகிறவரைக்கும் விடவில்லை.